வீசிங் உள்ள வீட்டில் முதலில் படுக்கையறை

டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் சிகிச்சை. அதற்குத் தோதான இடம் என்று நம்பித்தான் பட்டணத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். 1937-இல் அரசு எடுத்துக்கொண்ட அந்த இடம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அங்கே உள்ள ரயில் நிலையத்துக்கும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நுரையீரலுக்கு நல்லது என்று தேர்ந்தெடுத்த அதே புறநகரில் இன்று கீழ்க்கட்டளையைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடவாக்கம் பிரதான சாலை, அதிலேயே மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தின் தூண்கள். இன்னொரு பக்கம் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. ஊருக்குள் ஏரி. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதை ஒட்டிய பெருங்குடி குப்பைக் கிடங்கும். லாரிப் புகை, சிமென்ட் தூசி, ஓதம், கொசு என்று ஆஸ்துமாக்காரருக்கு ஆகாதவை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகச் சொல்வது எளிது. வங்கிக் கடன் இன்னும் 15 வருஷம் பாக்கி இருக்கும் குடும்பத்துக்கு அது யோசனையே இல்லை.

அதனால் இந்த அத்தியாயம் ஓர் அறையைப் பற்றியது. ஒரு நாளில் 7, 8 மணி நேரம் நாம் மூச்சு விடுவது படுக்கையறைக் காற்றைத்தான். ஆஸ்துமா மோசமாவதும் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான். ரோட்டைத் திருத்த நம்மால் ஆகாது; அந்த அறையைத் திருத்த ஆகும். ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் ஏழு நகரங்களில், ஆஸ்துமா உள்ள 937 குழந்தைகளின் வீடுகளில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. படுக்கைத் தூசி, கரப்பான், சிகரெட் புகை என்று அந்தந்தக் குழந்தைக்கு ஆகாதவற்றை எல்லாம் சேர்த்துக் குறைத்த வீடுகளில்தான் மூச்சிரைப்பு நாட்கள் குறைந்தன. மெத்தை உறை மட்டும் வாங்கிப் போட்டவர்களுக்கு அப்படிப் பலன் கிடைத்ததாகப் பிற ஆய்வுகள் காட்டவில்லை.

மருந்து நிற்கக் கூடாது

வீட்டை மாற்றுவது மருந்துக்குப் பதில் அல்ல. இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இரண்டு மாதம் நன்றாக இருந்தால் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது இன்ஹேலர்தான். "பம்ப் அடிச்சுப் பழகிட்டா விட முடியாது" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பழக்கம் ஆவதற்கு அதில் எதுவும் இல்லை. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ போட்டால் பல மடங்கு அதிகம் உடம்பெல்லாம் சுற்றும்.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து. மற்றது, மூச்சு முட்டும்போது மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடும் மருந்து. உடனடி மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான கினா 2019 முதல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லி வருகிறது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் உடனடி மருந்து தேவைப்பட்டாலோ, இருமலால் இரவில் எழுந்து உட்கார நேர்ந்தாலோ ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, நெபுலைசர் வைத்துக்கொண்டு திரும்புவது அந்த இரவைத் தாண்ட உதவும். அடுத்த இரவை அது தடுக்காது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டினால் வந்துவிடும். இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போய், எடுக்கும் முறை சரியா என்று அங்கே ஒரு தடவை செய்து காட்டிக் கேளுங்கள். ஸ்ப்ரே வகையை மெதுவாக இழுக்க வேண்டும், பவுடர் வகையை வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பவர்கள் நிறையப் பேர். சாதனத்தில் போட வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் குடித்து விழுங்குபவர்களும் உண்டு. தடுப்பு மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

பின்லாந்து 1994-இல் ஒரு பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, தடுப்பு இன்ஹேலரை ஆரம்பத்திலேயே கொடுத்து, மருந்துக்கடைக்காரர் வரைக்கும் பயிற்சி அளித்தார்கள். ஆஸ்துமாவுக்காக மக்கள் மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அந்த ஊரின் குளிரும் மகரந்தமும் அப்படியேதான் இருந்தன.

புகை: காசு செலவில்லாத மாற்றம்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் புகை என்பேன். நிறுத்தினால் செலவு குறையுமே தவிரக் கூடாது. பலனும் சில நாளிலேயே தெரியும்.

கொசுவர்த்திச் சுருளைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்றது. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் அதைக் கொளுத்தி வைத்துத் தூங்குகிறோம். ஏரியும் திறந்த கால்வாயும் உள்ள ஊரில் கொசுவை விட்டுவிடு என்று யாரும் சொல்ல முடியாது, டெங்கு பயமும் நியாயமானது. ஆனால் அதற்கு வழி வலை. ஜன்னலுக்கு ஒட்டும் பட்டையோடு வரும் வலை, கட்டிலுக்குத் தொங்கும் வலை, மேலே ஃபேன். செருகி வைக்கும் லிக்விட் மெஷினில் சுருளைப் போலப் புகை இல்லை என்றாலும் சிலருக்கு அந்த வாசனையே முட்டும். சாயங்காலம் ஆள் இல்லாத அறையில் ஓட விட்டு, படுக்கும் முன் அணைத்து ஜன்னலைத் திறந்துவிடலாம். மாநகராட்சிக்காரர்கள் கொசுப் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, வீசிங் உள்ளவரைப் பின்பக்க அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சாம்பிராணி. மருந்து பற்றிப் பேசுவதைவிட இதைப் பேசுவதுதான் வீட்டில் கடினம்.

"குழந்தைக்குத் தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி காட்டலேன்னா சளி புடிச்சுக்கும்மா."

"இல்ல அத்தை, அந்தப் புகைதான் இவனுக்கு இருமலைக் கிளப்புது. நான் துண்டால நல்லாத் துவட்டி ஃபேன் அடியில உக்கார வெச்சுடறேன். நீங்க சாமிக்கு விளக்கு மட்டும் ஏத்துங்க."

இவ்வளவு மெதுவாகச் சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் கேட்டுக்கொள்வார்கள். பேரன் திணறுவதை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தானே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் மொட்டை மாடியிலோ வாசலிலோ போடட்டும், குழந்தை உள்ளே இருக்கட்டும். கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஊதுபத்தி, கட்டிக் கற்பூரம் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். அந்துருண்டையையும் துணி அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்பா பால்கனியில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கினால் சட்டையோடு புகை வருகிறது. இதில் பாதி வழி கிடையாது, நிறுத்தத்தான் வேண்டும்.

அடுப்படியில் மிளகாய் வற்றல் வறுக்கும் நெடி ஆரோக்கியமானவரையே இரும வைக்கும். தாளிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், இறக்கிய பிறகும் பத்து நிமிஷம் ஓடட்டும். எக்ஸாஸ்ட் இல்லாத சமையலறையில் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்த்து வைத்தாலும் வேலை நடக்கும். சாம்பார் பொடிக்கு வறுக்கிற அன்றும் மில்லில் அரைக்கிற அன்றும் வீசிங் உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

போகி வருஷத்துக்கு ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் போதும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து, நமக்குப் பக்கத்தில் இருக்கும் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானம் இறங்க முடியாத காற்றில் நம் பிள்ளை மூச்சு விடுகிறது. மார்கழியில் தரையை ஒட்டி நிற்கும் குளிர்ந்த காற்று புகையை மேலே போக விடாது. முந்தின இரவே ஜன்னல்களைச் சாத்தி, வாசற்படி இடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வையுங்கள். தடுப்பு மருந்தின் ஒரு வேளையைக்கூட அந்த வாரம் தவற விடாதீர்கள். பழைய பாயையும் டயரையும் கொளுத்தாமல் குப்பை வண்டியில் கொடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். உங்கள் வீட்டில் ஓர் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. காரணம் தெரிந்தால் நிறுத்துபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஓதமும் பூஞ்சணமும்

மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் வீடுகளில் பல, ஒரு காலத்தில் வயலும் ஏரி நீர்ப்பிடிப்புமாக இருந்த தாழ்ந்த நிலத்தில் நிற்கின்றன. தரையிலிருந்து ஓதம் ஏறும், சுவரின் கீழ் இரண்டடியில் உப்புப் பூக்கும், பெயின்ட் உரியும். ஐப்பசி பிறந்தால் பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். அதன் நுண்விதைகள் காற்றில் பறந்து மூச்சுக்குழாயைக் கிளறும். அறைக்குள் நுழைந்ததும் முக்கல் வாடை அடித்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ பூஞ்சணம் இருக்கிறது.

அதன் மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. அடுத்த மழைக்கு மறுபடி வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மொட்டை மாடி விரிசலா, குளியலறைக் குழாய்க் கசிவா, ஏசி தண்ணீர் சுவரில் வடிகிறதா? அதை அடைத்த பிறகு, பூத்த இடத்தை சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் அத்தனையும் காற்றில் ஏறும். இந்த வேலையை வீசிங் உள்ளவர் செய்யக் கூடாது. செய்பவரும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால் அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்று ஓடட்டும். மழைக்காலத்தில் ஈரத் துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப் போடுவதை விடுங்கள். ஒரு பக்கெட் துணியிலிருந்து போகும் ஈரம் அத்தனையும் அந்த அறைக் காற்றில்தான் சேரும். பால்கனி, மாடிப்படி, கார் நிறுத்துமிடம் எதுவானாலும் பரவாயில்லை. ஏசி இருந்தால் மழைக்காலத்தில் 'டிரை' என்ற அமைப்பில் ஓட விடுங்கள், வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவிக் காய வைத்து மாட்டுங்கள்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பது இங்கிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி வந்து வடிந்த பிறகு, நனைந்த பஞ்சு மெத்தையையும் சோபாவையும் வெயிலில் காய வைத்து மறுபடி பயன்படுத்தப் பார்ப்பார்கள். மனசு கேட்காது, விலை கொடுத்து வாங்கியது. ஆனால் சாக்கடைத் தண்ணீரில் ஊறிய பஞ்சு உள்ளுக்குள் காய்வதே இல்லை. அதைத் தூக்கிப் போடுங்கள். சுவர் காயும் வரை ஆஸ்துமா உள்ளவரை உறவினர் வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

பாய், தலையணை, துடைப்பம்

படுக்கைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றின் உணவு. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை தாக்குப்பிடிக்காது. சென்னையில் அது நடக்காத காரியம். ஆகவே வெந்நீரை நம்புவோம். தலையணை உறை, பெட்ஷீட், போர்வையை வாரம் ஒரு தடவை 60 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்துத் துவைக்க வேண்டும். தெர்மாமீட்டர் வேண்டாம், கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு ஊற்றினால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையைத் தட்டிப் பாருங்கள். பொடி பறந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதிதாக மெத்தை வாங்கக் காசில்லையே என்பவர்களுக்கு என் பதில் கோரைப்பாய். ஈரத் துணியால் துடைக்கலாம், அரை மணி நேரம் வெயிலில் போட்டால் காய்ந்துவிடும், தூசிப் பூச்சி குடியேற அதில் பஞ்சே இல்லை. மெல்லிய பருத்திப் போர்வையை மேலே விரித்தால் போதும். விலை கூடிய மெத்தையைவிட ஆஸ்துமாக்காரருக்கு அது நல்ல படுக்கை.

வீடு பெருக்குவதைவிட ஈர மாப் நல்லது. பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வீசிங் உள்ளவர் வெளியே இருக்கும்போது பெருக்குங்கள். ஃபேன் இறக்கையை ஒரு பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். கரப்பானும் பெரிய தூண்டுதல்தான். அதற்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த நெடியே முட்டும் என்பதால் ஜெல் மருந்தைப் புள்ளியாக வைத்து, இரவில் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, சிங்க் அடியில் கசிவை அடையுங்கள். ஏசி வெளிப்பெட்டி மேல் புறா அடைந்தால் வலை அடித்துவிடுங்கள்.

தெருவில் இறங்கும்போது

லண்டனில் எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் கடுமையான ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் வீடு வாகனங்கள் ஓயாத ஒரு பெரிய சாலையை ஒட்டி இருந்தது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்தச் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். மேடவாக்கம் சாலையையோ ரேடியல் ரோட்டையோ பார்த்த அறையில் குழந்தை தூங்கினால், இன்றே அறையை மாற்றிப் பின்பக்க அறையைக் கொடுங்கள். பெரியவர்கள் முன்பக்கம் படுக்கட்டும்.

வண்டியில் போகும்போது துப்பட்டாவோ கைக்குட்டையோ நுண்தூசியைத் தடுக்காது, என்95தான் தடுக்கும். பள்ளிக்கு நடந்து போக உள்தெரு இருந்தால் ஐந்து நிமிஷம் கூடினாலும் அதிலேயே போங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் வேளச்சேரி, ஆலந்தூர், பெருங்குடி நிலையங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 100-ஐத் தாண்டினாலே ஆஸ்துமாக்காரர் கவனமாக இருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் வெளியே விளையாட்டு வேண்டாம். பெருங்குடி குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரல் 27-இல் பற்றிய தீ பல நாள் புகைந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து நம் பக்கம் வீசும். அப்படி ஒரு நாளில் காலையில் வேலைகளை முடித்துக்கொண்டு மதியம் கிழக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவது நல்லது.

இதற்காக ஓடி ஆடுவதை நிறுத்தாதீர்கள். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்கு நடையும் விளையாட்டும் நல்லவை. முதல் பத்து நிமிஷம் மெதுவாகத் தொடங்கினால் போதும். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று வரிசையாகத் தடை போட்டுக் குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். ஒன்றைச் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் தொந்தரவு வந்தால் மட்டும் குறித்து வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். வலி மாத்திரையில் சிலவகை சில ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, மருந்துக்கடையில் கேட்கும்போதே "எனக்கு வீசிங் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

மூச்சு முட்டும் இரவுக்கு

உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: முட்டினால் எந்த மருந்து, எத்தனை தடவை, எப்போது கிளம்ப வேண்டும் என்று. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உடனடி இன்ஹேலரும் அதில் பொருத்தும் ஸ்பேசர் குழலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். எத்தனை டோஸ் மீதி என்பதை மாதம் ஒரு தடவை பாருங்கள்.

எழுதி வாங்காத நிலையில் முட்டினால் ஆஸ்திரேலியாவில் பள்ளிகளிலும் கற்றுத் தரும் முதலுதவியைச் செய்யலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். உடனடி மருந்தை ஸ்பேசர் வழியாக ஒரு பஃப் அடித்து நான்கு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி நான்கு பஃப். நான்கு நிமிஷம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி நான்கு பஃப், கூடவே 108. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், விலா இடுக்கு உள்ளே இழுத்தாலும், மயக்கம் போலக் கண் செருகினாலும் காத்திருக்கவே வேண்டாம், உடனே அழையுங்கள். வண்டி வரும் வரை மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், அதில் வெந்துபோன குழந்தைகள் உண்டு.

108-க்குப் பேசும்போது தெருப் பெயரோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ சொல்லுங்கள். மெட்ரோ வேலைக்காக எந்தத் திருப்பம் அடைத்திருக்கிறது, எந்த வழியாக உள்ளே வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, ஒருவரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லுங்கள்.